உலகத்தைச் சிரிக்கவைத்த சிப்பாய்

1914-ம் ஆண்டு. ஐரோப்பாவில் பெரிய யுத்தம் தொடங்கிச் சில மாதங்கள் ஆகியிருந்தன.

பிராக் நகரத்தில் ஒரு விடுதி. அங்கே உருண்டை முகம் கொண்ட ஒருவர் வந்தார். தங்குவதற்கு அறை வேண்டும் என்றார். விடுதிக்காரர் நோட்டுப் புத்தகத்தை நீட்டினார். எந்த ஊர், என்ன வேலையாக வந்தவர் என்று அதில் எழுத வேண்டும்.

வந்தவர் எழுதினார். ஊர், அப்போது ரஷியாவைச் சேர்ந்திருந்த கீவ். வந்த வேலை, ஆஸ்திரியாவின் ராணுவத் தலைமையகத்தை நோட்டம் பார்ப்பது!

பிராக் நகரம் அப்போது ஆஸ்திரியாவின் ஆட்சியில் இருந்தது. ஆஸ்திரியாவுக்கும் ரஷியாவுக்கும் கடும் சண்டை. விடுதிக்காரர் சும்மா இருப்பாரா? போலீசார் ஓடி வந்தார்கள். விடுதியை வளைத்துக்கொண்டார்கள். ரஷிய ஒற்றன் அகப்பட்டுவிட்டான் என்று அவர்களுக்கு ஒரே சந்தோஷம்.

பிடித்துப் பார்த்தால், அவர் ரஷியர் அல்ல. பிராக் நகரம் முழுவதும் அறிந்த பத்திரிகை எழுத்தாளர்! ஏன் இப்படிச் செய்தாய் என்று போலீசார் உறுமினார்கள். யுத்த காலத்தில் நம் போலீசார் விழிப்பாக இருக்கிறார்களா என்று பார்க்க ஆசைப்பட்டேன் என்று அவர் பணிவாகப் பதில் சொன்னார்.

அந்தப் பணிவுக்குப் பரிசு, 5 நாள் சிறை.

அவர்தான் யாரோஸ்லாவ் ஹாஷெக். பட்டாளத்துச் சிப்பாய்களின் கதையை எழுதி, உலகத்தையே வயிறு குலுங்கச் சிரிக்கவைத்தவர். ஆனால், அவருடைய சொந்த வாழ்க்கையில் சிரிப்பு பாதி, கண்ணீர் பாதி.

பாட்டா செருப்பு பிறந்த நாடு

ஹாஷெக் செக் இனத்தவர். செக் நாடு எங்கே இருக்கிறது என்று கேட்கிறீர்களா? உங்கள் காலைப் பாருங்கள். பாட்டா செருப்புப் போட்டிருக்கிறீர்களா? அந்தக் கம்பெனி 1894-ல் தொடங்கியது செக் நாட்டில்தான். தமிழ் இலக்கியத்தை ஆராய்ந்து உலகத்துக்கு எடுத்துச் சொன்ன பேராசிரியர் கமில் சுவெலபில் பிறந்ததும் பிராக் நகரத்தில்தான்.

ஹாஷெக் காலத்தில் செக் மக்களுக்குத் தனி நாடு கிடையாது. வியன்னா நகரத்தில் இருந்த சக்கரவர்த்தி பிரான்ஸ் ஜோசப் அவர்களை ஆண்டார். பட்டாளத்தில் உத்தரவு எல்லாம் ஜெர்மன் மொழியில். சிப்பாய்களோ செக், ஹங்கேரி, போலந்து, குரோஷியா என்று பல இனத்தவர். அதிகாரி கத்துவது பாதிப் பேருக்கு விளங்காது. விளங்காவிட்டாலும் விறைப்பாக நின்று சலாம் போட வேண்டும்.

இந்தப் பட்டாளத்துக்குத்தான் ஹாஷெக் பிற்பாடு சிப்பாயாகப் போனார்.

தகப்பனார் இல்லாத பையன்

ஹாஷெக் பிறந்தது 1883-ம் ஆண்டு ஏப்ரல் 30-ந் தேதி. தகப்பனார் பள்ளிக்கூடத்து ஆசிரியர். கணக்கும் விஞ்ஞானமும் சொல்லிக்கொடுத்தார். சம்பளம் குறைவு. குடிப்பழக்கம் வேறு. 1896-ல் அவர் இறந்துபோனார். அப்போது ஹாஷெக்குக்கு 13 வயது.

தாயார் குழந்தைகளை வைத்துக்கொண்டு திண்டாடினார். வாடகை கொடுக்க முடியாமல் வீட்டுக்கு வீடு மாறினார். படிப்பில் ஹாஷெக்கின் மனம் செல்லவில்லை. பள்ளிக்கூடத்தை விட்டார். மருந்துச் சரக்குக் கடையில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்தார்.

பிறகு வணிகக் கல்லூரியில் சேர்ந்து படித்து, 1902-ல் தேறினார். பாங்கியில் உத்தியோகமும் கிடைத்தது. தாயார் பெருமூச்சு விட்டார். இனிக் கஷ்டம் தீர்ந்தது என்று நினைத்தார்.

தீரவில்லை. ஒரு நாள் ஹாஷெக் பாங்கிக்குப் போகாமல் ஊர் சுற்றக் கிளம்பிவிட்டார். மலை, காடு, கிராமம் என்று கால் போன போக்கில் நடந்தார். நாடோடிகளோடு தங்கினார். பாங்கி அவரை வேலையில் இருந்து நீக்கிவிட்டது.

ஆனால், அந்த அலைச்சல் வீண் போகவில்லை. வழியில் பார்த்தவர்களை எல்லாம் அவர் மனதில் பதித்துக்கொண்டார். திரும்பி வந்து பத்திரிகைகளுக்குக் கதை எழுதினார். நூற்றுக்கணக்கான கதைகள்! எழுதிக் கிடைத்த காசு அன்றைக்கே மதுக்கடையில் செலவாகும். மறுநாள் மறுபடியும் எழுதுவார்.

இல்லாத பூச்சி

அவர் யார்மிலா என்ற பெண்ணைக் காதலித்தார். நிலையான உத்தியோகம் இல்லாதவனுக்குப் பெண் கொடுக்க முடியாது என்று பெண் வீட்டார் சொல்லிவிட்டார்கள். அதற்காகவே ஹாஷெக் ஒரு பத்திரிகையில் ஆசிரியர் வேலைக்குச் சேர்ந்தார். பத்திரிகையின் பெயர் மிருக உலகம். 1910-ல் கல்யாணமும் நடந்தது.

மிருகங்களைப் பற்றித் தொடர்ந்து எழுத எத்தனை விஷயம் கிடைக்கும்? உள்ள மிருகங்களைப் பற்றி எழுதி அவருக்கு அலுத்துவிட்டது. இல்லாத மிருகங்களைப் படைக்கத் தொடங்கினார். பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு வாழ்ந்த தெள்ளுப்பூச்சி ஒன்றைக் கண்டுபிடித்ததாக விளாவாரியாக எழுதினார். படித்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். விஷயம் தெரிந்தவர்கள் சண்டைக்கு வந்தார்கள். பத்திரிகை முதலாளி அவரை வெளியே அனுப்பினார்.

அடுத்து நாய் வியாபாரம். தெரு நாய்களை உயர்ந்த சாதி நாய்கள் என்று விற்றார். அதுவும் நிலைக்கவில்லை.

1911-ல் தேர்தல் வந்தது. ஹாஷெக் ஒரு கட்சி தொடங்கினார். அதன் பெயர், சட்டத்துக்கு உட்பட்ட மிதமான முன்னேற்றக் கட்சி! கூட்டம் நடக்கும் இடம் மதுக்கடை. ஓட்டுப் போடும் ஒவ்வொருவருக்கும் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் சின்ன மீன் தொட்டி தருவதாக வாக்குறுதி கொடுத்தார். ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மற்றக் கட்சிக்காரர்களின் வாக்குறுதிகளும் இந்த மீன் தொட்டி போலத்தான் என்பது அவர்களுக்குச் சொல்லாமலே புரிந்தது.

வெளியில் ஊர் சிரித்தது. வீட்டில் மனைவி அழுதார். 1912-ல் ஆண் குழந்தை பிறந்தது. ரிச்சர்டு என்று பெயர் வைத்தார்கள். ஆனால், ஹாஷெக் வீட்டில் தங்குவதில்லை. சிறிது காலத்தில் யார்மிலா குழந்தையை எடுத்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போய்விட்டார்.

பூட்ஸ் துடைக்கும் பட்டாளம்

1915-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் ஹாஷெக்குக்குப் பட்டாளத்தில் இருந்து அழைப்பு வந்தது. 91-வது காலாட்படையில் சேர்ந்தார். அவர் படித்தவர் அல்லவா? அதனால் அதிகாரி ஆவதற்கான பயிற்சியில் சேர்த்தார்கள். அவருடைய குறும்பைத் தாங்க முடியாமல் சீக்கிரமே வெளியே தள்ளினார்கள். அதிகாரி ஆகவேண்டியவர் சாதாரணச் சிப்பாய் ஆனார்.

அதுதான் அவருடைய அதிர்ஷ்டம். நமக்கும் அதிர்ஷ்டம்.

பட்டாளம் என்றால் எந்நேரமும் துப்பாக்கி சுடுவது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி அல்ல. துப்பாக்கி சுடும் நேரம் கொஞ்சம். மற்ற நேரம் எல்லாம் வீட்டு வேலைதான். தண்ணீர் சுமக்க வேண்டும். கொட்டகையைப் பெருக்க வேண்டும். பொத்தான் பளபளக்கத் தேய்க்க வேண்டும். தட்டை நீட்டிக்கொண்டு சோற்றுக்கு வரிசையில் நிற்க வேண்டும்.

இதைத் தவிர, ஒவ்வொரு அதிகாரிக்கும் ஓர் ஆர்டர்லி உண்டு. அதிகாரியின் பூட்சைத் துடைப்பது அவன் வேலை. உடுப்பைத் தட்டி மாட்டுவது, காப்பி கொண்டுவருவது, பெட்டி சுமப்பது, ராத்தங்க இடம் பிடிப்பது எல்லாம் அவன் பொறுப்பு. திட்டு வாங்குவதும் அவனே. ஆனால், அதிகாரியின் ரகசியம் எல்லாம் அவனுக்குத்தான் தெரியும்!

ஹாஷெக்கின் கம்பெனிக்குத் தலைவர் லூக்காஸ் என்ற லெப்டினன்ட். அவருடைய ஆர்டர்லி ஸ்ட்ராஷ்லிப்கா என்ற இளைஞர். அந்த இளைஞருக்கு ஒரு பழக்கம். எதைப் பற்றிப் பேசினாலும், இதே மாதிரி எனக்குத் தெரிந்த ஓர் ஆள் இருந்தான் என்று ஒரு கதையை ஆரம்பித்துவிடுவார். சண்டைக்குப் போகும் வழியிலும் கதை. சோற்று வரிசையிலும் கதை. லூக்காசுக்குக் காது புளித்துப்போகும்.

கம்பெனியின் கணக்குப் பார்த்தவர் வானெக். சாமான் கணக்கு, சோற்றுக் கணக்கு, சம்பளக் கணக்கு எல்லாம் அவரிடம். ஹாஷெக் இவர்களோடு இருந்து எடுபிடி வேலை பார்த்தார். செய்தி கொண்டுபோய்க் கொடுத்தார். இவர்கள் பேசுவதை எல்லாம் கேட்டுக்கொண்டே இருந்தார். இவர்கள் எல்லாரும் ஒரு நாள் தன் புத்தகத்துக்குள் வரப்போகிறார்கள் என்று அப்போது அவருக்கே தெரியாது.

வெள்ளி மெடல்

1915-ம் ஆண்டு கோடையில் பட்டாளம் ரெயில் ஏறியது. கலீசியா என்ற போர்முனைக்குப் போயிற்று. சோக்கால் என்ற ஊரில் கடும் சண்டை நடந்தது. ஏராளமான சிப்பாய்கள் மாண்டார்கள்.

அந்தச் சண்டைக்குப் பிறகு ஹாஷெக்குக்கு வெள்ளி மெடல் கிடைத்தது. அதைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள்.

ரஷியச் சிப்பாய்கள் சிலர் சண்டை போட்டுச் சலித்துப்போய், சரண் அடைய வழி தேடிக்கொண்டிருந்தார்கள். ஹாஷெக்குக்கு ரஷிய மொழி தெரியும். அவர்களோடு பேசி, வரிசையாக நிறுத்தித் தன் முகாமுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். ரஷியர்கள் கூட்டமாக வருவதைத் தூரத்தில் பார்த்த ஆஸ்திரியா அதிகாரி பதறினார். எதிரி உள்ளே புகுந்துவிட்டான் என்று நினைத்து ஓட்டம் பிடித்தார்! கடைசியில் பார்த்தால், முன்னால் வருவது நம் ஹாஷெக்.

கதையில் கொஞ்சம் உப்புப் புளி சேர்ந்திருக்கலாம். மெடல் வாங்கியது உண்மை.

அந்த மெடலை அவர் அதிக நாள் மாட்டிக்கொள்ளவில்லை. 1915-ம் ஆண்டு செப்டம்பர் 24-ந் தேதி ரஷியர்கள் திடீரென்று தாக்கினார்கள். ஹாஷெக் கைதியானார். ஸ்ட்ராஷ்லிப்காவும் அவரோடு அகப்பட்டார்.

சாவின் வாசலில்

சிரிப்புக் கதை இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும்.

கைதிகளை ரஷியாவின் உள்நாட்டில் டோட்ஸ்கோயே என்ற முகாமுக்குக் கொண்டுபோனார்கள். குளிர்காலம். போதிய துணி இல்லை. உடம்பெல்லாம் பேன். பேன் மூலம் டைபஸ் என்ற விஷக்காய்ச்சல் பரவியது. ஆயிரக்கணக்கான கைதிகள் செத்து விழுந்தார்கள். ஹாஷெக்குக்கும் காய்ச்சல் கண்டது. எப்படியோ பிழைத்துக்கொண்டார்.

ரஷியாவில் இருந்த செக்காரர்கள், ஆஸ்திரியாவை எதிர்த்துத் தனிப் படை திரட்டினார்கள். 1916-ல் ஹாஷெக் அதில் சேர்ந்தார். அவர்களுடைய பத்திரிகையில் எழுதினார். பிறகு ரஷியாவில் புரட்சி வந்தது. 1918-ல் அவர் செக் படையை விட்டு விலகிச் செஞ்சேனையில் சேர்ந்துவிட்டார். பழைய தோழர்கள் கொதித்தார்கள். துரோகி என்றார்கள். பிடித்துவர வாரண்டும் பிறந்தது.

இங்கேதான் ஓர் ஆச்சரியம். ஊருக்கு அடங்காத ஹாஷெக், செஞ்சேனையில் பொறுப்புள்ள மனிதராக மாறினார். வேலையை ஒழுங்காகச் செய்தார். புகுல்மா என்ற சிற்றூரில் துணைத் தளபதியாகவும் இருந்தார்.

பிற்பாடு அந்த ஊரை வைத்து வேடிக்கைக் கதைகள் எழுதினார். ஒரு கதையில் குதிரைப்படை வந்து தங்கவேண்டும். கொட்டடி ஒரே குப்பை. பெருக்க ஆள் இல்லை. கன்னிமாடத்தில் இருந்து 50 பெண்களை உடனே அனுப்பவேண்டும் என்று தளபதி உத்தரவு போடுகிறார். ஊரே நடுங்குகிறது. கன்னிமாடத்தில் பிரார்த்தனையும் அழுகையும். ஆனால், போன பெண்களிடம் கொடுத்தது துடைப்பமும் வாளியுந்தான்! தரையைக் கழுவிவிட்டுப் பத்திரமாகத் திரும்பினார்கள்.

இன்னொரு கதையில் முரட்டு அதிகாரி ஒருவர் வருகிறார். ஊரில் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் எல்லாரும் 3 நாளில் கற்றுக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் சுட்டுவிடுவோம் என்று நோட்டீசு எழுதுகிறார். படிக்கத் தெரியாதவன் அந்த நோட்டீசை எப்படிப் படிப்பான்? அதை அந்த அதிகாரி யோசிக்கவில்லை!

நம் ஊர் முதியோர் பள்ளியில் மாதக்கணக்கில் எழுத்துக் கூட்டிப் படித்தவர்களுக்கு இந்தக் கதையின் ருசி நன்றாகத் தெரியும்.

செத்தவர் திரும்பி வந்தார்

1918-ல் ஆஸ்திரியா சாம்ராஜ்யம் உடைந்தது. அக்டோபர் 28-ந் தேதி செக்கோஸ்லோவாக்கியா என்ற புதுக் குடியரசு பிறந்தது. ஹாஷெக் பிராக் நகரத்துக்குத் திரும்பியது 1920-ம் ஆண்டு டிசம்பர் மாதம்.

அதற்குள் அவர் செத்துவிட்டதாகப் பத்திரிகைகளில் செய்தி வந்துவிட்டது. ஒரு முறை அல்ல, பல முறை! தன்னைத் திட்டி இரங்கல் எழுதியவரைத் தான் நேரில் சந்தித்தது போல அவர் ஒரு கதை எழுதினார். ஊரே சிரித்தது.

ஆனால், ஊர் அவரை வரவேற்கவில்லை. செஞ்சேனையில் இருந்தவர் என்று பலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ரஷியாவில் ஷூரா என்ற பெண்ணைக் கல்யாணம் செய்து அழைத்து வந்திருந்தார். முதல் மனைவியோ உயிரோடு இருந்தார். அதனாலும் வம்பு.

மகன் ரிச்சர்டு யுத்த காலத்திலேயே வளர்ந்த பிள்ளை. தகப்பனார் முகம் அவனுக்கு ஞாபகம் இல்லை. ஹாஷெக் அவனைப் பார்க்கப் போனார். இவர்தான் உன் அப்பா என்று முதலில் சொல்லவில்லை. பத்திரிகைக்காரர் ஒருவர் வந்திருக்கிறார் என்றுதான் அறிமுகம் செய்தார்கள் என்பார்கள்.

எத்தனையோ பேருக்குக் கதை சொன்னவர், சொந்த மகன் முன்னால் அந்நியராக நின்றார்.

ஷ்வெய்க் வருகிறார்

கையில் காசு இல்லை. மதிப்பும் இல்லை. அப்போதுதான் ஹாஷெக் பழைய ஆள் ஒருவரைக் கூப்பிட்டார். அவர் பெயர் ஷ்வெய்க்.

ஷ்வெய்க் என்ற சிப்பாயை வைத்து ஹாஷெக் 1911-லேயே சில சின்னக் கதைகள் எழுதியிருந்தார். கைதியாக இருந்த காலத்துக்குப் பிறகு, 1917-லும் ஒரு கதை எழுதினார். 1921-ல் பெரிய நாவலாக எழுதத் தொடங்கினார். புத்தக வியாபாரிகள் முதலில் அதைச் சீண்டவில்லை. நண்பர்களோடு சேர்ந்து தாமே அச்சடித்தார். சின்னச் சின்னப் பகுதியாக வெளியிட்டு மதுக்கடைகளில் விற்றார்கள். அட்டைப் படம் போட்டவர் நண்பர் யோசப் லாடா.

ஷ்வெய்க் யார்? நாய் வியாபாரி. அசடு என்று டாக்டர்களே சர்டிபிகேட் கொடுத்தவர். யுத்தம் வருகிறது. அவருக்கோ முழங்கால் வாதம். சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, சண்டைக்குப் போகிறேன் என்று உற்சாகமாகக் கூவிக்கொண்டு போகிறார். ஜனங்கள் திகைக்கிறார்கள். இது ராஜ விசுவாசமா, கிண்டலா? யாருக்கும் தெரியவில்லை.

பட்டாளத்தில் அவர் ஒரு பாதிரியாருக்கு ஆர்டர்லி ஆகிறார். பாதிரியார் சீட்டு ஆடுகிறார். பணம் எல்லாம் போகிறது. கடைசியில் ஷ்வெய்க்கையே பந்தயம் வைத்துத் தோற்கிறார்! ஜெயித்தவர் லூக்காஷ் என்ற லெப்டினன்ட். புது எஜமானுக்கு நாய் வேண்டும். ஷ்வெய்க் நல்ல நாயாகப் பார்த்துத் திருடச்செய்து கொண்டுவருகிறார். அந்த நாய் யாருடையது? லூக்காசின் மேலதிகாரியான கர்னலுடையது! அப்புறம் என்ன? இரண்டு பேரும் போர்முனைக்குப் போகவேண்டியதுதான்.

பட்டாளத்தைத் தேடிப் போகிறவர் வழி தப்பிச் சுற்றிச் சுற்றி நடக்கிறார். எங்கேயோ கிடந்த ரஷிய உடுப்பை மாட்டிப் பார்க்கிறார். சொந்தப் பட்டாளமே அவரைக் கைதியாகப் பிடிக்கிறது. எந்த உத்தரவு போட்டாலும் அப்படியே கீழ்ப்படிகிறார். அவர் கீழ்ப்படிவதாலேயே எல்லாம் கெட்டுப்போகிறது!

பழைய தோழர்கள் எல்லாரும் புத்தகத்தில் இருக்கிறார்கள். லூக்காஸ் லூக்காஷ் ஆனார். வானெக் அதே பெயரில் கணக்குப் பார்க்கிறார். கதை சொல்லும் ஸ்ட்ராஷ்லிப்காவின் பழக்கம் ஷ்வெய்க்கின் வாயில் ஏறிக்கொண்டது.

இந்தச் சிரிப்புக்கு அடியில் ஹாஷெக் ஒரு விஷயத்தை ஒளித்து வைத்தார். சக்கரவர்த்தி யுத்தம் தொடங்குகிறார். தளபதி மெடல் வாங்குகிறார். பூட்ஸ் துடைக்கிறவனும், சோற்று வரிசையில் நிற்கிறவனும் செத்துப்போகிறார்கள். அவர்கள் பெயரை யாரும் எழுதுவதில்லை. ஹாஷெக் எழுதினார்.

படுக்கையில் இருந்து கதை

1921-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம். ஓவியர் பானுஷ்கா என்ற நண்பர் தன்னோடு லிப்னிட்சே என்ற மலைக் கிராமத்துக்கு வரும்படி அழைத்தார். ஹாஷெக் வீட்டில்கூடச் சொல்லாமல் கிளம்பிவிட்டார். கிராமத்து விடுதியில் தங்கினார். அந்த ஊர் அவருக்குப் பிடித்துவிட்டது. ஷூராவும் அங்கே வந்து சேர்ந்தார். புத்தகம் விற்ற பணத்தில் கோட்டைக்குக் கீழே சின்ன வீடு வாங்கினார். வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொந்த வீடு!

ஆனால், உடம்பு தளர்ந்துவிட்டது. இளமையில் குடித்த குடி, முகாமில் வந்த காய்ச்சல், அலைச்சல் எல்லாம் சேர்ந்து வட்டியோடு வசூலித்தன. உடம்பு பருத்தது. உட்கார்ந்து எழுத முடியவில்லை. ஸ்டீபானெக் என்ற இளைஞரைச் சம்பளத்துக்கு அமர்த்தினார். ஹாஷெக் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். குறிப்பு எதுவும் இல்லை. எல்லாம் ஞாபகத்தில் இருந்து வந்தது. வலியில் துடிக்கும்போதும் ஷ்வெய்க் வாயைத் திறந்தால் வேடிக்கைதான்.

மொத்தம் 6 பாகம் எழுதவேண்டும் என்பது திட்டம். 3 பாகம் முடிந்தன. நான்காம் பாகம் நடந்துகொண்டிருந்தது. 1923-ம் ஆண்டு ஜனவரி 3-ந் தேதி ஹாஷெக் கண்ணை மூடினார். 40 வயதுகூட நிறையவில்லை.

செய்தி பிராக் நகரத்துக்குப் போயிற்று. நண்பர்கள் சிலர் நம்பவில்லை என்பார்கள். பல முறை செத்துப் பிழைத்தவர் அல்லவா? இதுவும் அவருடைய குறும்பு என்று நினைத்தார்களாம். இந்த முறை குறும்பு இல்லை. அந்த மலைக் கிராமத்திலேயே அவரை அடக்கம் செய்தார்கள்.

அவர் போனார், ஷ்வெய்க் போகவில்லை

லாடா வரைந்த படங்களோடு ஷ்வெய்க் உலகத்தைச் சுற்றக் கிளம்பினார். 1926-ல் ஜெர்மன் மொழியில் வந்தார். 1928-ல் பெர்லின் நகரத்தில் நாடக மேடை ஏறினார். நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் அந்தப் புத்தகத்தைத் தீயில் போட்டார்கள். தீயில் அது எரியவில்லை. இரண்டாவது உலக யுத்த காலத்தில் நாடக ஆசிரியர் பிரெக்ட், அதே ஷ்வெய்க்கை ஹிட்லர் காலத்தில் நடமாட விட்டு ஒரு நாடகம் எழுதினார். இன்று ஷ்வெய்க் 50-க்கும் மேற்பட்ட மொழிகளில் பேசுகிறார். லிப்னிட்சே கிராமத்தில் ஹாஷெக்கின் வீடு நினைவு இல்லமாக இருக்கிறது.

ஹாஷெக் நல்ல கணவராக இல்லை. நல்ல தகப்பனாராகவும் இல்லை. அதை மறைத்து அவரை மகான் ஆக்க வேண்டியது இல்லை. அவரே அதைக் கேட்டால் சிரிப்பார். ஆனால், பேனும் பசியும் சாவும் சூழ்ந்த இடத்தில், பக்கத்தில் நின்ற ஏழைச் சிப்பாய்களின் பேச்சை அவர் மறக்கவில்லை. சாகும்வரை அவர்களுடைய கதையைச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

உங்கள் ஊரிலும் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்த தாத்தா யாராவது இருப்பார். திண்ணையில் உட்கார்ந்து, சோற்று வரிசையையும் பூட்ஸ் பாலிசையும் பற்றிப் பழைய கதை சொல்வார். சொன்னதையே சொல்கிறார் என்று எழுந்து போகாதீர்கள். கொஞ்ச நேரம் உட்கார்ந்து கேளுங்கள். அவர் சிரித்துக்கொண்டே சொல்வார். அந்தச் சிரிப்புக்கு அவர் கொடுத்த விலை உங்களுக்கு மெல்ல மெல்லப் புரியும்.